சார் சட்டைப் பையில் சுழன்ற பணம்: நினைவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் பேராசிரியரின் நினைவுக் குழுவில் இருக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், முன்னாள் மாணவர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

நான் 2003-இலிருந்து 2005 வரை நம் கல்லூரியில் எம்.எஸ்சி. கணிதம் படித்தவள். இப்போது ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். சாரின் கருமாதி முடிந்த மறுவாரமே நீங்கள் கூடிப் பேசியதும், கல்லூரி வாசலில் அவருக்கு மார்பளவுச் சிலை வைப்பது, துறையில் முதலிடம் பெறுபவருக்கு ஆண்டுதோறும் தங்கப் பதக்கம் கொடுப்பது என்று முடிவெடுத்ததும் எனக்குத் தெரியும். பத்து லட்சம் திரட்டுவது இலக்கு என்றும் அதில் மூன்றரை லட்சம் வந்துவிட்டது என்றும் நீங்கள் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு ஊரில், ஆளுக்கு ஒரு சோலியில் இருந்துகொண்டு இதை இவ்வளவு சீக்கிரம் செய்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் என் நன்றி.

அந்தப் பணம் சிலையாகவும் பதக்கமாகவும் போய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். இன்றைக்கு எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.காம். படித்துக்கொண்டே, கட்ட வேண்டிய சின்னத் தொகை கையில் இல்லாமல் பாதியில் நின்றுபோகும் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேரட்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்று சொல்ல என் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் வீடு பள்ளிபாளையத்தில். அப்பாவுக்கு ஆறு விசைத்தறி, எல்லாம் கூலிக்கு ஓடுவது. பாவும் (நீளவாக்கில் ஓடும் நூல்) குறுக்கே ஓடும் ஊடை நூலும் வெளியிலிருந்து வரும், நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோம். 2004 கடைசியில் பாவு வருவது நின்றது. இரண்டு மாதம் தறிச் சத்தமே இல்லை. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அது நின்றால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. பக்கத்துத் தெருவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பட்டறைக்கு நான் தார் போட, அதாவது ஊடை நூலைக் குழலில் சுற்றப் போனேன். அப்பா போகச் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

நான்கு நாள் வகுப்புக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள், கூடப் படித்தவளிடம் சார் சொல்லியனுப்பியிருந்தார். "அம்மிணிய நாளைக்கு வரச் சொல்லு." போனேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் எவ்வளவு பாக்கி என்று கிளார்க்கிடம் கேட்டார். பருவக் கட்டணப் பாக்கியும் தேர்வுக் கட்டணமும் சேர்த்து 2,340 ரூபாய். சட்டைப் பையிலிருந்து நான்கு ஐந்நூறும் நான்கு நூறும் எடுத்து எண்ணிக் கொடுத்தார். மீதி வந்த அறுபது ரூபாயை என் கையில் வைத்து, "பஸ்ஸுக்கு வெச்சுக்க" என்றார். துறைக்குத் திரும்பி நடக்கும்போது, மெஷர் தியரியில் எனக்கு விட்டுப்போன பாடத்தை வழியிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த வருடம் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் 2,400 ரூபாயை ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். வாங்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். வாங்கிக்கொண்டார். எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி அம்மிணி" என்றார். உள்ளபடி சொன்னால் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஈரோடு பஸ் ஸ்டாண்டில் ஜூனியர் பையன் ஒருவனைப் பார்த்தேன். ப்ராஜெக்டை டைப் அடித்து பைண்டிங் செய்யக் காசில்லாமல் இருந்தேன், சார் கொடுத்தார் என்றான். என் உறை போன இடம் அப்போதுதான் புரிந்தது.

சார் இறந்த அன்று அவர் வீட்டு வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே நின்று பேசிக்கொண்டிருந்தோமே, நினைவிருக்கிறதா? அன்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, எனக்கு முன்னால் வாங்கியவர்கள், எனக்குப் பின்னால் வாங்கியவர்கள் என்று ஏழு பேர் அந்த இடத்திலேயே இருந்தோம். ஒருவர் வாங்கியது 1991-இல். எல்லோரும் திருப்பிக் கொடுத்திருக்கிறோம், எல்லோரிடமும் அவர் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஒரு சட்டைப் பையில் அடங்கும் பணம் சுமார் முப்பது வருடம் கை மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் போன அன்றோடு அது நின்றுவிட்டது.

அவர் பெயரில் நாம் எதைச் செய்தாலும், நின்றுபோன அதைத்தான் முதலில் ஓட வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போதெல்லாம் அரசாங்கமே எல்லாம் கொடுக்கிறதே, இன்னுமா அந்தக் கஷ்டம் என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளிடம் நானே இந்தத் திட்டங்களைப் பற்றி வாரம் ஒரு முறை பேசுகிறேன். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரிலிருந்து வருகிறது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்ட்டில் நம் பக்கத்துக் கோவையில், அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கினார்கள். பொறியியல் மாதிரித் தொழிற்படிப்புக்குப் போனால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. இவையெல்லாம் எத்தனை வீடுகளில் விளக்கேற்றியிருக்கின்றன என்று கண்ணால் பார்க்கிறவள் நான்.

ஆனால் இவை முதல் பட்டத்தோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பக்கம், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கி ஆராய்ச்சிக்குப் போய்விட்டால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். கேட் என்ற தகுதித் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தவருக்கு மாதம் 12,400. இரண்டுக்கும் நடுவில் எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.காம். என்று இரண்டு வருடம் இருக்கிறது. கரையேறும் இடத்தில் படி இல்லாத கிணறு மாதிரி அது. முதுநிலைக்கென்று மத்திய அரசின் உதவித்தொகை ஒன்று இருக்கிறது. மாதம் 15,000, ஆண்டுக்குப் பத்து மாதம். ஆனால் நாடு முழுவதற்கும் சேர்த்துப் பத்தாயிரம் பேருக்குத்தான், அதுவும் இளநிலை மதிப்பெண்ணை வைத்து. வகுப்புவாரி உதவித்தொகைகள் முதுநிலைக்கும் உண்டு. அவற்றுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாதக் கணக்கில் பார்த்தால் இருபத்தோராயிரத்துக்கும் குறைவு. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு கம்பெனிக்குப் போகும் வீடு அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். அதில் ஒருவர் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டாலும், கையில் இருக்கும் சான்றிதழ் போன வருட வருமானத்தைத்தான் சொல்லும்.

பணத்தோடு சேர்ந்து வரும் இன்னொரு அழுத்தமும் உண்டு. முதுநிலை படிப்பவருக்கு வயது இருபத்தொன்று, இருபத்திரண்டு. பிளஸ் டூ முடித்ததும் வேலைக்குப் போன தம்பி சம்பளம் கொண்டுவருகிறான். ஒரம்பரை (சொந்தக்காரர்) வீட்டு விசேஷத்துக்குப் போனால் "ஒரு டிகிரி பத்தாதா" என்ற கேள்வி. பெண்ணாக இருந்தால் ஜாதகம் வெளியே போய்விட்டது என்று அர்த்தம். வீட்டில் இவ்வளவு நடக்கும்போது, தேர்வுக் கட்டணம் இரண்டாயிரம் வேண்டும் என்று வாயைத் திறக்க அந்தப் பிள்ளைக்கு முடியாது. கேட்டால் படிப்பே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அதனால் கேட்பதில்லை. நானும் அன்று கேட்கவில்லை.

ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். தாளவாடியிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் பையன் திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் ஏறி இறங்கி வந்துபோக முடியுமா? அறை எடுத்தே ஆக வேண்டும். வாடகையை எப்படியோ சமாளிப்பான், முன்பணம்தான் அவனைத் தடுக்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-இலிருந்து டிக்கெட் இல்லை என்பது பெரிய உபகாரம். ஆனால் அந்த பஸ் காலை எட்டரை வகுப்புக்கு வந்து சேராத ஊர்கள் இருக்கின்றன, அங்கே காசு கொடுத்து மொபசல் பஸ்தான். ஆய்வுக்கட்டுரை பைண்டிங், லேப் செலவு, நெட் தேர்வுக்கு விண்ணப்பம், அதை எழுத வெளியூர் போய்வரும் செலவு. இவற்றில் எதுவும் ஒரு குடும்பத்தை அழிக்காது. ஆனால் ஒரு படிப்பை நிறுத்திவிடும்.

பிளஸ் டூவில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி எம்.ஏ. கடைசிப் பருவத்தில் நின்றுவிட்டாள். பெயரும் ஊரும் வேண்டாம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். "இந்த ஒரு செமஸ்டர்தான் டீச்சர், அடுத்த வருஷம் எழுதிக்கறேன்" என்றாள். மூன்று வருடம் ஆகிறது. அவளுக்குக் கட்ட வேண்டியிருந்தது 6,200 ரூபாய். எனக்குத் தெரிய வந்தபோது கடைசித் தேதி முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. என்னிடம் அந்தப் பணம் இருந்தது. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆறவில்லை.

தங்கப் பதக்கத்தைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன். முதல் மாணவருக்கு மரியாதை செய்வதில் தப்பில்லை. ஆனால் பதக்கம் வாங்குகிறவர் ஏற்கெனவே படித்து முடித்தவர். சார் தேடிப் போனது, வகுப்பில் திடீரென்று காணாமல் போனவர்களை. வருகைப் பதிவேட்டில் இரண்டு நாள் தொடர்ந்து ஆப்சென்ட் என்றால் அவர் விரல் அந்தப் பெயரில் நின்றுவிடும். முதல் ரேங்க் யார் என்று அவருக்குச் சில சமயம் ஞாபகம்கூட இருக்காது.

இது நம் பக்கத்துக்குப் புதிய பழக்கமும் இல்லை. கோவை பி.எஸ்.ஜி. குடும்பத்தில் நான்கு மகன்கள் அப்பாவின் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பங்காகப் போட்டு, ஐந்தாவதை அறத்துக்கு என்று வைத்தார்கள். 1926-இல் அந்தப் பங்கில் தொடங்கிய அறக்கட்டளையின் கல்லூரிகளிலும் ஆஸ்பத்திரியிலும் இன்றைக்கும் எத்தனை ஆயிரம் பேர்! தர்மத்தை ஒரு சகோதரனாகவே கணக்கில் சேர்த்த மண் இது. நம்மிடம் அவ்வளவு சொத்து இல்லை, சரி. ஆனால் மொய் நோட்டு இருக்கிறது. ஒரு காதுகுத்துக்கு, ஒரு கல்யாணத்துக்கு, ஒரே மத்தியானத்தில் மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, பெயர், ஊர், தொகை என்று எழுதி லட்சக்கணக்கில் வாங்கிவிடுகிறோம். வாங்கியதை மறக்காமல் திருப்பியும் செய்கிறோம். பல ஊர்களில் கல்விச் சீர் என்று தாம்பாளத்தில் நாற்காலி, மின்விசிறி, நோட்டுப் புத்தகம் எல்லாம் வைத்து மேளதாளத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தச் சீர் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் போதும்.

இனி பணக் கணக்கு. நான் கணக்கு டீச்சர், இதைச் சொல்லாமல் விட முடியாது. பத்து லட்சத்தையும் வங்கியில் வைப்பாகப் போட்டு வட்டியை மட்டும் எடுத்தால், ஏழு சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு எழுபதாயிரம். ஆளுக்கு ஐயாயிரம் என்றால் பதினான்கு பேர். பதினான்கு பேர் படிப்பு நிற்காமல் இருப்பது பெரிய விஷயம்தான். ஆனால் முழுப் பத்து லட்சம் சேரும் வரை காத்திருந்து, அப்புறம் ஒரு வருட வட்டிக்கும் காத்திருந்தால், இந்த நவம்பரில் தேர்வு எழுத வேண்டியவர் என்ன செய்வார்? அதனால் வந்திருக்கும் மூன்றரை லட்சத்தில் ஒன்றரை லட்சத்தை இந்த வருடமே செலவுக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள். மீதி வைப்பில் இருக்கட்டும். கூடவே மாதச் சந்தா ஒன்று தொடங்குங்கள். இருநூறு பேர் மாதம் முந்நூறு ரூபாய் கொடுத்தால் வருடத்துக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம். நம் துறையில் மட்டும் இத்தனை வருடத்தில் படித்துப் போனவர்கள் அதற்கு மேல் இருக்கிறோம். தீபாவளி போனஸ் கைக்கு வரும் சமயமும் நவம்பர் தேர்வுக் கட்டணம் கட்டும் சமயமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த ஒரு மாதத்தில் கேட்டால் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள்.

பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் எனக்கு அதிகக் கவலை. தயவுசெய்து மேடையில் கொடுக்காதீர்கள். பெரிய அட்டையில் செக் எழுதிப் போட்டோ எடுக்க வேண்டாம். ஆண்டு விழாவில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். தங்கள் வறுமையை இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லும் விண்ணப்பமும் வேண்டாம். வகுப்பு ஆசிரியர் ஒருவர், இந்த மாணவருக்கு இவ்வளவு தேவை, இன்ன தேதிக்குள் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டு நாளில் பணம் போய்ச் சேர வேண்டும். கல்லூரிக்குக் கட்ட வேண்டியதாக இருந்தால் நேரே கல்லூரிக் கணக்குக்கு, அறை முன்பணம் மாதிரி என்றால் மாணவர் கையில். மதிப்பெண் கேட்காதீர்கள். அரியர் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு அரியர் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சாதியும் கேட்க வேண்டாம். நம் பக்கத்தில் அந்தந்தச் சமூகத்துக்கு என்று அறக்கட்டளைகள் பல இருக்கின்றன, அவை தங்கள் பிள்ளைகளுக்கு நல்லது செய்கின்றன. ஆனால் சார் பையில் கைவிட்டபோது எதிரில் நிற்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்ததில்லை. ஷாமியானாவுக்குக் கீழே நின்ற அந்த ஏழு பேரை நினைத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். நிதியைப் பார்த்துக்கொள்ளும் குழுவும் அதே மாதிரி கலந்து இருக்க வேண்டும். இப்போது குழுவில் இருக்கும் ஒன்பது பேரில் பெண்கள் இருவர்தான். ஹாஸ்டலில் ஒரு பெண் பிள்ளை எதற்காகப் பணம் கேட்கிறாள் என்று அவள் ஓர் அக்காவிடம்தான் சொல்வாள்.

கடனாகக் கொடுக்கலாமா, இலவசமாகவா என்று உங்களுக்குள் பேச்சு வரும். பத்திரம், ஜாமீன், தவணை எல்லாம் வேண்டாம் என்பேன். கொடுப்பது கொடுத்ததாகவே இருக்கட்டும். ஆனால் வேலைக்குப் போனபின் ஒருவர் திருப்பிக் கொடுக்க வந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், சார் வாங்கிக்கொண்ட மாதிரி. அன்று அவர் மறுத்திருந்தால் நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவளாக இருந்திருப்பேன். வாங்கிக்கொண்டதால் அவருக்குச் சமமாக நிற்க முடிந்தது. இது எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று.

சட்டப்படி செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடாதீர்கள். இப்போது பணம் ஓர் அண்ணனின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. அவர் மேல் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஆனால் நாளைக்கு வருமான வரித் துறையிலிருந்து கேள்வி வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அறக்கட்டளையாகப் பதிவு செய்து, தனி பான் எண், தனி வங்கிக் கணக்கு, நன்கொடைக்கான வரிச் சலுகைப் பதிவு இவற்றை வாங்கிவிட்டால் கொடுப்பவர்களில் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வரியில் கொஞ்சம் குறையும். இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயத்தில் கவனம் தேவை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை செய்பவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும், அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஆசையாகக் கொடுக்கிறார்கள் என்று அவசரப்பட்டு வாங்கிவிடக் கூடாது. வரவு செலவை வருடா வருடம் தணிக்கை செய்து எல்லோருக்கும் அனுப்புங்கள். அதில் எத்தனை பேருக்கு, எதற்காக, எவ்வளவு என்று இருக்கட்டும், வாங்கியவர் பெயர் மட்டும் வேண்டாம்.

"கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது இருக்கணுமல்ல" என்று போன கூட்டத்தில் மூத்த அண்ணன் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் மனசு எனக்குப் புரிகிறது. முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்திய மனிதரின் முகம் அந்த வளாகத்தில் எங்கேயும் இல்லாமல் போகக் கூடாது என்ற தவிப்பு அது. எனக்கும் இருக்கிறது. துறை நூலகத்தில் அவர் உட்காரும் ஜன்னலோர நாற்காலிக்கு மேல் ஒரு நல்ல படம் மாட்டுவோம். அந்தச் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், முடிவெடுக்கும் முன் சார் வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டுச் செலவுக்கு என்று வைத்த பணத்திலிருந்தும் அந்தச் சட்டைப் பைக்குப் போயிருக்கும். அதைப் பற்றிச் சொல்ல நம் எல்லோரையும்விட அவர்களுக்குத்தான் உரிமை அதிகம்.

வரும் ஞாயிறு காலை பத்தரை மணிக்குக் கூட்டம் என்று தகவல் வந்தது. நான் வருகிறேன். முதல் வருடத்துக்கு என் பங்காக 24,000 ரூபாய்க்குச் செக் கொண்டுவருகிறேன், அதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நோட்டு எழுதும் வேலையையும் எனக்கே கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வேன். சிலைக்கு ஸ்தபதியிடம் முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஞாயிறு வரை கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
2003–05 எம்.எஸ்சி. கணித மாணவி,
பள்ளிபாளையம்